சுரங்கம் மூடிய ஊரில் வேறு தொழில்களை வளர்க்க முடியுமா? திறன் பயிற்சி கொடுத்தால் போதுமா?

நீங்கள் நெய்வேலிப் பக்கமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் கோலார் தங்கவயல். 120 வருஷம் ஓடிய சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள்.

முடியும். ஆனால் சுரங்கம் ஓடும்போதே ஆரம்பிக்க வேண்டும். எங்களுக்கு அப்படி முன்கூட்டியே வந்த பெரிய ஆலை என்றால், மண் அள்ளும் கனரக இயந்திரங்கள் செய்யும் பெமல்தான். இன்றும் ஊரில் சில வீடுகளில் மாதச் சம்பளம் வருவது அதனால்தான்.

திறன் பயிற்சி என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர், அதாவது ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டை மேலிருந்து இயக்குபவர். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. மணி எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணி, ஏறியிருப்பது ஆளா கல்லா என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற வேகத்தில் கேஜை இழுத்து, அங்குலம் பிசகாமல் நிறுத்துவார். அதற்கு சர்ட்டிபிகேட்டும் உண்டு. சுரங்கத்துக்கு வெளியே அது செல்லாது. மூடின பிறகு ஒரு பயிற்சி நிலையத்தில், படிப்பு எட்டாவது என்று பார்த்ததும் மெழுகுவர்த்தி வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். மெழுகுவர்த்தியை மட்டமாகச் சொல்லவில்லை. என் அத்தை அதில்தான் பிள்ளையைப் படிக்க வைத்தார்.

அப்புறம் பெங்களூரில் ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலை. ஒருநாள் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே கைக்குழந்தையோடு ஓர் அம்மா. அப்பா மேலே ஏறி, கரண்ட்டை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, கையாலேயே சக்கரத்தைச் சுற்றி இறக்கினார். செக்ரட்டரி, "நீ வாட்ச்மேன், இதையெல்லாம் தொடக்கூடாது" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

உடனே 'சுரங்கத்தைத் திரும்பத் திறக்கச் சொல்கிறாயா' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நுரையீரலில் கல்தூசி படிந்து செத்தவர்கள் எங்கள் லைன் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அந்த வேலை வேண்டாம், அந்தக் கைக்கு மதிப்பு வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நானும் இப்போது தினமும் பெங்களூருக்கு ரயிலில்தான். போக மட்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ரயில் புறப்படும் மாரிகுப்பம் ஸ்டேஷனிலேயே ஏறும் எங்களுக்கே உட்கார இடமில்லை, சீட்டாட வரப்போகும் நாலு பேருக்காகத் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். இதை முதலில் யாராவது கேளுங்கள் சார்.