ஹோம் ஸ்டடி நேர்காணல்: தத்தெடுக்க விண்ணப்பித்தவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மும்பை சயானில் வசிக்கும் நான் தத்தெடுத்த மகளுக்குத் தாய். தத்தெடுக்கத் தகுதி உண்டா என்று அறியச் சமூகப் பணியாளர் வீடு தேடி வரும் ‘ஹோம் ஸ்டடி’ நேர்காணலைப் பற்றி இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

செம்பூர் வாசகி: பல ஆண்டுச் சிகிச்சை பலிக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் அழுதுவிடுவேன். மறைத்துவிடலாமா அக்கா?

மறைக்காதீர்கள், அம்மா. எங்கள் வீட்டுக்கு வந்தவர் அதைக் கேட்டதும் என் கணவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுவிட்டார். எனக்கும் குரல் எழும்பவில்லை. அந்த அம்மையார் அவசரப்படுத்தவில்லை. டம்ளர் தேநீரில் ஆடை படியும்வரை காத்திருந்தார். பிறகு நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னதை எழுதிக்கொண்டார். அவர் எழுதிய ஹோம் ஸ்டடி அறிக்கை சாதகமாகவே வந்தது. இழந்ததை ஈடுகட்டவே வருகிற பிள்ளையா, தனக்கென்று ஓர் இடத்தோடு வருகிற பிள்ளையா என்பதைத்தான் அவர் அறிய விரும்புகிறார். ஆகவே பதிலை மனப்பாடம் செய்வதைவிட, கணவரும் நீங்களும் அந்தத் துயரத்தை முன்கூட்டியே மனம்விட்டுப் பேசிவிடுவது மேல்.

தாராவி அன்பர்: ஒரே அறையும் சமையலறையும்தான். அம்மாவும் எங்களோடு இருக்கிறார். தள்ளிவிடுவார்களா?

2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிமுறைகள் உடல்நலம், மனநலம், பொருளாதார நிலை ஆகியவற்றைக் கேட்கின்றன. இத்தனை சதுர அடி வேண்டும் என்று கேட்கவில்லை. குழந்தை எங்கே படுக்கும், நீங்கள் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பவற்றுக்குத் தெளிவான பதில் இருக்கட்டும். உங்கள் அம்மாவிடமும் பேசக்கூடும். “யார் பெற்ற பிள்ளையோ” என்ற தயக்கம் அவருக்கு இருந்தால், சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொடுத்து உட்காரவைக்காதீர்கள். அந்தத் தயக்கத்தை இப்போதே கேட்டுப் பேசுங்கள்.

முலுண்ட் வாசகர்: அறிக்கை எவ்வளவு காலம் செல்லும்? நிராகரித்தால்?

மூன்று ஆண்டுகள். நிராகரித்தால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், மேல்முறையீடும் உண்டு.

மாட்டுங்கா தம்பதியர்: தத்து என்பதைப் பிள்ளையிடம் சொல்வீர்களா என்று கேட்டால், பதினெட்டு வயதில் சொல்வோம் எனலாமா?

வேண்டாம். அத்தனை ஆண்டுகள் மறைத்ததையே பிள்ளை பெரிய துரோகமாக எடுத்துக்கொள்ளும். பேச்சு புரியாத வயதிலிருந்தே, சோறூட்டும்போது சொல்லும் கதையாக அது காதில் விழவேண்டும். எங்கள் மகளுக்கு நாங்கள் சொன்னது, “உன்னைக் கூட்டிவர டாக்ஸியில் போனோம், நீ அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை” என்பதுதான். அப்படி ஒரு கதையை எப்படித் தொடங்குவீர்கள் என்பதை நேர்காணலில் உங்கள் சொற்களிலேயே சொல்லுங்கள்.