ஒன்பது மணி நேரத்தில் வளர்ந்த கிருமி

கேள்வி: கடுங்காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட என் அண்ணனின் ரத்தத்தில் ‘ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ என்ற பாக்டீரியா இருக்கிறதாம். “கல்ச்சர் ஒன்பது மணி நேரத்திலேயே வளர்ந்துவிட்டது, கவனமாக இருக்க வேண்டும்” என்கிறார் மருத்துவர். வளர்ந்த நேரத்தை வைத்து அவர் பிழைப்பாரா என்று சொல்ல முடியுமா?

பதில்: சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மருத்துவர் அந்த நேரத்தைப் பார்த்தார் என்பதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் நான். பலர் கிருமியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவார்கள்.

கல்ச்சர் என்பது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. அண்ணனிடம் எடுத்த ரத்தத்தில் 8 முதல் 10 மில்லி ஒவ்வொரு குப்பிக்குள்ளும் போகும். உள்ளே கிருமிக்கான சத்துநீர். கிருமி பெருகும்போது கரியமில வாயு வெளிவரும். குப்பியின் அடியிலுள்ள வட்டம் அதை உணர்ந்து நிறம் மாறும். இயந்திரம் விளக்கைப் போட்டு எங்களை அழைக்கும். நோயாளியின் ஒரு மில்லி ரத்தத்தில் பெரும்பாலும் பத்துக்கும் குறைவான கிருமிகளே இருக்கும். தொடக்கத்தில் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் விளக்கு சீக்கிரம் எரியும். சுமார் 12 மணி நேரத்துக்குள் இந்தக் கிருமி வளர்ந்தவர்களிடையே இறப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதய வால்விலோ, சீழ்க்கட்டியிலோ, ரத்தக்குழாயில் செருகிய குழாயிலோ ஓர் ஊற்று இருந்துகொண்டு கிருமியை விடாமல் ரத்தத்தில் கலக்கக்கூடும். ஓர் இரவு, ஏழாவது மணி நேரத்தில் விளக்கு எரிந்ததும் வார்டை அழைத்தேன். பழைய குழாய் ஒன்றை அன்றே அகற்றினார்கள். அந்த நோயாளி வீடு திரும்பினார்.

அந்த நேரக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு ரத்தம் எடுத்தாலோ, குறைவாக எடுத்தாலோ நேரம் நீளும். குப்பி இயந்திரத்துக்குப் போகாமல் மேசையிலேயே கிடந்தால், கிருமி அங்கேயே பெருகத் தொடங்கிவிடும். கடிகாரமோ இயந்திரத்துக்குள் வைத்த பிறகுதான் ஓடும்; அதனால் நேரம் குறைவாகத் தெரியும்.

கிருமியின் குணமும் பேசும். கிளெப்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவில் ஒரு வகையைக் கம்பி வளையத்தால் தொட்டு இழுத்தால் பிசின்போல 5 மில்லிமீட்டருக்கும் மேல் நூலாக நீளும். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவரின் கல்லீரலிலும் கண்ணிலும்கூட அது போய்த் தங்கக்கூடும். அப்படி ஒரு நூலைக் கண்டால் நான் உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுவேன்.

ஆனால் உங்கள் அண்ணன் விஷயத்தில் நான் பெரிதும் நம்புவது அடுத்த கல்ச்சரைத்தான். சரியான மருந்து தொடங்கிய பிறகும் இரண்டாம், மூன்றாம் நாள் ரத்தத்தில் கிருமி வளர்ந்தால் ஆபத்து கூடுகிறது. ஊற்றை இன்னும் தீவிரமாகத் தேட வேண்டும். மறு கல்ச்சர் எடுத்தார்களா, இதயத்துக்கு எக்கோ (ஒலியலை ஸ்கேன்) பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள். கிருமி வளராத முதல் கல்ச்சரை எடுத்த தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 14 நாள் நீளும் சிகிச்சையை அந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள்.