மீன் குளம், சிப்பி, சிங்கி: கேட்டீர்கள், சொல்கிறேன்

குமரி மாவட்டம் மணக்குடிக் காயலோரம் பல வருஷமாக மீன் வளர்க்கிறேன். தண்ணீரும் கெடாமல் கையும் கடிக்காமல் எப்படி வளர்ப்பது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து: அண்ணே, அரை ஏக்கர் குளம் இருக்கு. கொடுவா விட்டால் நல்ல விலையாமே?

விலை உண்டு. ஆனால் கொடுவா மீன் தின்னும் மீன். பொடிமீன் போட்டு வளர்த்தால் ஒரு கிலோ கொடுவாவுக்கு ஐந்தாறு கிலோவாவது உள்ளே போகும். குருணைத் தீவனம் என்றால் அளவு குறையும், சரி, அந்தக் குருணைக்குள் இருக்கும் மீன்தூள் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சாளைதான், மத்தி என்பார்களே அது. மரச்சீனியோடு நாம் தின்ன வேண்டிய சாளையை அரைத்துக் கொடுவாவுக்குப் போட்டு அதை ஓட்டலுக்கு விற்பதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. கட்லா, ரோகு, மிர்கால் விடுங்கள். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில், ஒன்றின் சாப்பாட்டில் மற்றது அவ்வளவாக வாய்வைக்காது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி போதும்.

இரணியலிலிருந்து: விடியக்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறக்குது. என்ன மருந்து போட?

மருந்து போடாதே தம்பி, அது மூச்சுத் திணறல். தீவனமும் சாணியும் கூடிப்போய்த் தண்ணீர் பச்சையாகியிருக்கும், பாசி ராத்திரியில் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். இரண்டையும் நிறுத்திவிட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்சு. கையை முழங்கை வரை முக்கிப் பார், உள்ளங்கை தெரியாவிட்டால் பாசி அதிகம். மேகமூட்டமான நாளில் தீவனமே வேண்டாம். ஆன்டிபயாடிக் பக்கம் போகவே போகாதே, குளோராம்பெனிக்காலும் நைட்ரோபியூரானும் தடை செய்தவை, அப்புறம் அந்தத் தண்ணீர் பக்கத்து வயலுக்கும்தானே பாயும்.

மணக்குடி மகளிர் குழு அக்கா: சிப்பி வளர்க்கலாமா?

அக்கா, இதைத்தான் நான் கேட்கக் காத்திருந்தேன். சிப்பிக்குத் தீவனச் செலவு ஒரு பைசா கிடையாது, தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்று தானாக வளரும். 1970-களிலேயே கேரளத்து விழிஞ்ஞத்தில் மிதவை கட்டி வளர்த்துப் பார்த்தார்கள், காசர்கோட்டுப் பக்கம் படன்னாவில் பெண்கள் குழுக்களாகக் காயலில் கம்பு நட்டு வளர்க்கிறார்கள். குஞ்சுச் சிப்பியைக் கயிற்றைச் சுற்றி வைத்துப் பருத்தித் துணியால் பொதிந்து தொங்கவிட வேண்டும், துணி மக்குவதற்குள் அது நார்விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். காயலுக்குப் பச்சைச் சிப்பிதான் தோது, நம்ம பாறையில் முங்கி எடுக்கிற தவிட்டுநிறச் சிப்பிக்குத் திறந்த கடல் வேண்டும்.

சிக்கல் மழைதான். நமக்கு இரண்டு மழைக்காலம். நன்னீர் இறங்கி உப்பு குறைந்தால் கொத்தாகச் சாகும். டிசம்பரில் கட்டி மே கடைசிக்குள் அறுத்துவிட வேண்டும், அந்த ஐந்தாறு மாதம் போதும். காயல் கடலில் சேரும் பொழி அடைத்துத் தண்ணீர் ஓட்டமில்லாத இடமும், தேங்காய்த் தொண்டு அழுகப் போட்டிருக்கும் இடமும், சாக்கடை விழும் இடமும் வேண்டாம், சிப்பி அழுக்கையும் சேர்த்தே வடிகட்டும். விற்குமுன் ஒருநாள் சுத்தமான கடல்நீரில் போட்டுவைத்தால் வயிற்றுக் கசடு போகும்.

குளச்சலிலிருந்து: சிங்கி இறால் குஞ்சைக் கூண்டில் கொழுக்கவைத்தால் கடலுக்கு நல்லதுதானே?

குஞ்சு கடலிலிருந்துதானே வருகிறது? முட்டையிலிருந்து சிங்கி வளர்த்து விற்கும் பண்ணை இங்கே கிடையாது. ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை 2003-லேயே வைத்தாகிவிட்டது, நம்ம பாறைச் சிங்கிக்கு 200 கிராம். வலையில் தற்செயலாக வந்த சின்னதை வளர்ப்பது ஒரு மாதிரி, கூண்டை நிரப்பவே குஞ்சு தேடிப் பிடிப்பது வேறு மாதிரி. முட்டையோடு வருவதைத் திருப்பிக் கடலில் விட்டுவிடுங்கள்.

குலசேகரத்திலிருந்து: ஆப்பிரிக்கன் கெளுத்திக் குஞ்சு மலிவாகக் கிடைக்குது. ரப்பர் தோட்டக் குழியில் விடட்டுமா?

வேண்டாம். தடை செய்த மீன் அது. ஒரே மழையில் குழி நிறைந்து வாய்க்கால் வழியே பெரிய குளத்துக்குப் போய்விட்டால் நாட்டு மீன் எல்லாவற்றையும் தின்னும், பிறகு பிடித்து முடியாது. குழிக்கும் கட்லா, ரோகுதான், தக்கலைக்காரருக்குச் சொன்ன அதே கணக்கு.