காதலர் ஓர் ஊரில், நல்ல கோர்ஸ் வேறு நாட்டில்: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: முதுநிலைப் படிப்புக்கு இரண்டு இடங்களில் அட்மிஷன் கிடைத்திருக்கிறது. ஒன்று என் காதலர் வேலை பார்க்கும் ஊரிலேயே இருக்கிறது. பாடத்திட்டம் சுமார்தான், முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். இன்னொன்று வெளிநாட்டில். நான் ஆசைப்பட்ட துறை, பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகையும் உண்டு. இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. எங்களுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. அவரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். பதில் சொல்ல மூன்று வாரம் இருக்கிறது.

பதில்: முதலில் அந்த "இரண்டு வருடம்" என்பதைச் சரிபாருங்கள். அது அட்மிஷன் கடிதத்தில் உள்ள கணக்கு. நீங்கள் நேரில் இருந்தே ஆக வேண்டிய காலம் பல படிப்புகளில் அதைவிடக் குறைவு. ஐரோப்பிய முறையில் படிப்புச் சுமையை கிரெடிட் என்ற அலகில் அளக்கிறார்கள்: வருடத்துக்கு 60 கிரெடிட், இரண்டு வருடத்துக்கு 120. பெரும்பாலும் கடைசி செமஸ்டரின் 30 கிரெடிட்டும் ஆய்வேட்டுக்கே போய்விடும், வகுப்பு இருக்காது. ஆய்வேட்டைக் காதலர் இருக்கும் ஊரில் ஒரு நிறுவனத்திலோ வேறு பல்கலைக்கழகத்திலோ இருந்து செய்ய வழிகாட்டி சம்மதித்தால், நீங்கள் பிரிந்திருக்கும் காலம் நாலு செமஸ்டரிலிருந்து மூன்றாகும். ஆய்வகக் கருவி இல்லாமல் நகர முடியாத துறைகளில் இதை எதிர்பார்க்காதீர்கள். கணிதம், தரவு, சமூக அறிவியல் போன்றவற்றில் வாய்ப்பு அதிகம்.

இதை இன்றே துறை ஒருங்கிணைப்பாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். காதலரைப் பற்றி எழுதத் தேவையில்லை. ஆய்வேட்டை வளாகத்துக்கு வெளியே செய்யலாமா, போன வருடம் அப்படி யாராவது செய்தார்களா, வெளியே வழிகாட்டி ஒருவர் கூடுதலாக இருக்கலாமா, அத்தனை மாதம் நாட்டில் இல்லாவிட்டால் மாணவர் விசாவுக்குச் சிக்கல் வருமா, உதவித்தொகை நிற்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். கடைசி இரண்டையும் கேட்காமல் விடுபவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். போனில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எழுத்தில் வந்தால்தான் பதில்.

அடுத்தது நாள்காட்டி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கல்வி ஆண்டு அட்டவணையை இறக்கி, வகுப்பு வாரங்களையும் தேர்வு வாரங்களையும் அடித்துவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களையும் சேர்த்தே அடியுங்கள், அப்போது யார் வந்தாலும் எரிச்சல்தான் மிஞ்சும். மிச்சமுள்ள நாட்களில் அவருக்கு எப்போது விடுப்பு கிடைக்கும் என்று குறித்தால், வருடத்தில் எத்தனை முறை பார்க்க முடியும் என்பது கையில் வந்துவிடும். நான்கைந்து முறை என்று நினைத்தவர்களுக்கு இரண்டுதான் தேறும். செமஸ்டர் விடுமுறையில்தான் எல்லோரும் பயணம் செய்வார்கள், டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும். அந்த விலையில் போக வர ஆகும் செலவை வெளிநாட்டுப் படிப்பின் பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். பாதிக் கட்டணம் மிச்சம் என்ற மகிழ்ச்சி அங்கே எவ்வளவு கரைகிறது என்று தெரியும்.

தினசரிப் பேச்சுக்கும் இதே சோதனை உண்டு. உங்கள் வகுப்பு நேரத்தையும் அவருடைய வேலை நேரத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், இருவரும் விழித்திருந்து ஓய்வாக இருக்கும் நேரம் எவ்வளவு என்று. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அவர் இருக்கும் இடத்தில் அப்படி மாற்றம் இல்லையென்றால் பழகிய பேச்சு நேரம் வருடத்துக்கு இருமுறை ஒரு மணி நேரம் நகரும். சின்ன விஷயம்தான். ஆனால் அவருடைய வேலை தொடங்கும் நேரத்தோடு அது மோதினால் அன்றாட அழைப்பே போச்சு.

அவர் உங்களோடு வர முடியுமா? எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் மூன்றைச் சொல்கிறோம். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் தொடங்கிய படிப்புகளில், வகுப்பு வழி முதுநிலை மாணவர்கள் பொதுவாகத் துணையை அழைத்துச் செல்ல முடியாது. ஆராய்ச்சிப் படிப்புகளுக்கும் அரசு உதவித்தொகை பெறும் சிலருக்கும் விலக்கு உண்டு. அமெரிக்காவில் மாணவரின் துணையாக வருபவர் பெறும் எஃப்-2 விசா, சட்டப்படி மணந்தவருக்கே, அதில் வந்தவர் அங்கே வேலை பார்க்கவும் கூடாது. கனடாவில் 2025 ஜனவரி 21 முதல் முதுநிலை மாணவரின் துணைக்கு வேலை அனுமதி வேண்டுமென்றால் படிப்பு குறைந்தது 16 மாதம் இருக்க வேண்டும். மணமாகாதவர்கள் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் துணையாக ஏற்பார்கள். நீங்கள் இருவரும் வேறு வேறு வீட்டில் இருந்தால் அந்த வழியும் அடைபடும். விதிகள் அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கும் அன்று குடிவரவுத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விசிட்டர் விசாவில் வந்து போவது வேறு வழி. அதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் டிக்கெட்டுக்கு முன் விசா.

"முதலில் அங்கே சேர்ந்துவிட்டு, முடியாவிட்டால் இங்கே மாறிக்கொள்ளலாம்" என்ற யோசனையை நம்ப வேண்டாம். இளநிலையில் கிரெடிட்டை எடுத்துச் செல்வது ஓரளவு நடக்கும், முதுநிலையில் சில பாடங்களுக்கு மேல் ஏற்க மாட்டார்கள். ஒரு வருடம் தள்ளிப்போடுவதாக இருந்தாலும் அட்மிஷன் காத்திருக்கும், உதவித்தொகை பெரும்பாலும் காத்திருக்காது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இப்போது "உன் இஷ்டம்". அது பெருந்தன்மையாக இருக்கலாம், தப்பிப்பாகவும் இருக்கலாம். பொதுவாக "என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் அதே பதில்தான் திரும்ப வரும். மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ முடிகிற கேள்விகளைக் கேளுங்கள்: படிப்பு முடிந்ததும் யார், எப்போது ஊர் மாறுவது, யாருடைய வேலையைப் பார்த்து? பயணச் செலவில் அவர் பங்கு எவ்வளவு? உள்ளூரிலேயே சேர்ந்து உங்களுக்கு நல்ல வேலை அமையாவிட்டால் அந்த ஊரை விட்டு வர அவர் தயாரா? முதல் கேள்விக்கு ஒரு மாதமும் வருடமும் பதிலாக வராவிட்டால், எந்தப் பல்கலைக்கழகம் என்பது உங்கள் பிரச்சினையில் பாதிதான்.

உள்ளூர் அட்மிஷனையும் நியாயமாகப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் மொத்தத் தரவரிசை உங்களுக்கு உதவாது. விருப்பப் பாடங்களில் எவை இந்த வருடம் உண்மையில் நடக்கின்றன, உங்கள் தலைப்பில் வழிகாட்ட யார் இருக்கிறார், போன இரண்டு ஆண்டுகளில் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு ஒரு கசப்பான கேள்வி: முதல் செமஸ்டரிலேயே உறவு முறிந்தால் அந்தப் படிப்பில் தொடர்வீர்களா? இல்லை என்றால் அங்கே சேராதீர்கள். அந்தக் கோபம் பிறகு அவர் மேல்தான் பாயும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஆய்வேட்டை வெளியே செய்ய எழுத்தில் சம்மதம் வந்து, வருடத்துக்கு இரண்டு சந்திப்புக்காவது பணமும் நாளும் தேறினால், நாங்கள் வெளிநாட்டையே சொல்வோம். இரண்டில் ஒன்று இல்லாமல், உள்ளூரில் வழிகாட்டி மட்டும் நன்றாக அமைந்தால் உள்ளூர். மின்னஞ்சலுக்குப் பதில் வரத் தாமதமானால் கெடுவை நீட்டிக்கக் கேளுங்கள், ஒரு வாரம் பல இடங்களில் கொடுப்பார்கள். டெபாசிட் கட்டும் முன் எந்தத் தேதி வரை, எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று படியுங்கள். வெளிநாடு போவதென்று முடிவானால் இரண்டாம் செமஸ்டர் கட்டணத்தின் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பாக ஒரு நாளைக் குறித்து, தொடரலாமா என்று இருவரும் அன்று பேசுங்கள். கட்டணம் கட்டிய பிறகு அந்தப் பேச்சு வந்தால் பணம்தான் முடிவெடுக்கும்.