பையன் வார்டில், பேச்சு பேனலில்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு வருடம் சிறப்புப் பள்ளிகளில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஐந்து மாதத்துக்கு முன் குழந்தைகளுக்கான கூட்டு கமிஷனிங் மேலாளர் ஆனேன். சம்பளத்தில் பாதியைக் கவுன்சில் தருகிறது, மீதியை அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் வட்டார வாரியம், ஐசிபி, தருகிறது. மருத்துவம், படிப்பு, பராமரிப்பு எல்லாம் ஒன்றாகத் தேவைப்படும் குழந்தைகளுக்கு இரண்டு தரப்பும் சேர்ந்து திட்டமிட்டு, சேர்ந்து பணம் போட்டுச் சேவைகளை ஏற்பாடு செய்ய வேண்டும். அதை நான் முன்னின்று நடத்த வேண்டும். இப்போது ஒன்பது வயதுப் பையன் ஒருவன். கழுத்தில் ட்ரக்கியாஸ்டமி (மூச்சுவிடத் துளை போட்டுப் பொருத்திய குழாய்), இரவில் வென்டிலேட்டர், இடையிடையே வலிப்பு. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் சொல்லிப் பதினோரு வாரம் ஆகிவிட்டது. இரவுப் பராமரிப்பாளருக்கு யார் பணம் தருவது என்று இரு தரப்பு அதிகாரிகளின் பேனல் மூன்று முறை கூடிக் கலைந்துவிட்டது. என் கையில் பணமும் இல்லை, எனக்குக் கீழே ஆளும் இல்லை. எதை வைத்து வழிநடத்துவது? இன்னொன்று: பையனின் அம்மா தமிழர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் அவருடைய மூத்த மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என்னாச்சு தங்கச்சி?" என்கிறார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பந்தியில் இலை போட்டாயிற்று, பசியோடு ஆள் உட்கார்ந்திருக்கிறான். சமையல்கட்டிலோ அரிசி பெண் வீட்டாருடையதா மாப்பிள்ளை வீட்டாருடையதா என்று வாக்குவாதம். நான் உட்கார்ந்த பேனல்களிலும் இதே கதைதான். நான் என்எச்எஸ் பக்கம். நன்றாக வாதாடுவேன் என்று பெயர் வேறு. ஒரு முறை ஒரு குழந்தையின் இரவுச் செலவை முழுசாகக் கவுன்சில் தலையில் கட்டிவிட்டு, ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனேன். அந்தக் குழந்தை அதற்குப் பிறகும் ஆறு வாரம் வார்டிலேயே கிடந்தது என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

அதிகாரம் இல்லை என்கிறீர்கள். 2014-ம் வருடத்துக் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் 26-ம் பிரிவை எடுத்து இன்னொரு தடவை படியுங்கள். சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கு 25 வயது வரை கவுன்சிலும் என்எச்எஸ்ஸும் கூட்டாக ஏற்பாடு செய்தே தீர வேண்டும் என்ற பகுதி எல்லோருக்கும் மனப்பாடம். அதே பிரிவில், இரண்டு தரப்புக்கும் தகராறு வந்தால் கூடிய சீக்கிரம் தீர்க்கும் வழியும் அந்த ஏற்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் ஊரில் அந்த வழிமுறை எந்தக் கோப்பில் இருக்கிறது என்று திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றிருப்பார், ஐசிபி என்று இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு முன்பிருந்து 2022 ஜூலையோடு மூடப்பட்ட சிசிஜி என்ற அமைப்பின் பெயர் இருக்கும். அதைத் தூசி தட்டித் திருத்திக் கையெழுத்து வாங்குவதுதான் உங்கள் முதல் தலைமைக் காரியம். பார்க்கச் சின்ன வேலைதான்.

அதில் ஒரு பத்தியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். தகராறு முடியும்வரை செலவை இரு தரப்பும் பாதிப் பாதியாகக் கொடுக்கும். முடிவு வந்ததும் கூடக் கொடுத்தவருக்கு மற்றவர் திருப்பித் தருவார். இடையில் கொடுத்ததைக் காட்டி "அன்றைக்கே ஒப்புக்கொண்டீர்களே" என்று யாரும் மடக்கக் கூடாது. வித்தவுட் பிரெஜுடிஸ் என்று இங்கே சொல்வார்களே, அதுதான். நிதிப் பிரிவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு தடவை கொடுத்தால் என்றைக்கும் நம் தலையில்தான் என்று பயம், நியாயமான பயம்தான். அதனால் தேதி போடுங்கள். பன்னிரண்டு வாரம், அதற்குள் முடிவாகாவிட்டால் இரண்டு இயக்குநர்களும் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எழுதிவிடுங்கள். இயக்குநர்கள் காதுக்குப் போகும் என்றாலே பாதித் தகராறு கீழ்மட்டத்தில் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இந்தச் சண்டை ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவருக்கு கன்டினியுயிங் ஹெல்த்கேர் என்ற தொடர் மருத்துவப் பராமரிப்புத் தகுதி கிடைத்தால் முழுச் செலவும் என்எச்எஸ்ஸுடையது. குழந்தைக்குக் கன்டினியுயிங் கேர் என்பார்கள், அதில் அப்படி இல்லை. மூச்சு, சாப்பாடு, வலிப்பு என்று பத்துத் தலைப்பில் மதிப்பிட்டுத் தகுதி உண்டு என்று முடிவானாலும், என்எச்எஸ் தன் பங்கைத்தான் தரும். படிப்பும் சமூகப் பராமரிப்பும் கவுன்சிலிடமே இருக்கும். எது யார் பங்கு என்ற கோடு அங்கே தெளிவாக இல்லை. கோடு இல்லாத இடத்தில்தான் வரப்புச் சண்டை.

ஆனாலும் இந்தப் பையன் விஷயத்தில் ஐசிபி கைகழுவ முடியாது. 2005-ல் லண்டன் ஹாரிங்கே கவுன்சில் மீது ஒரு வழக்கு நடந்தது. ட்ரக்கியாஸ்டமி போட்ட சின்னக் குழந்தை, ஓய்வுக்கு இன்னும் கொஞ்சம் மணி நேரம் கேட்ட அம்மா. குழாயைச் சுத்தம் செய்வதும் கழன்றால் திரும்ப மாட்டுவதும் தவறினால் உயிர் போகும். அது சமூக சேவையோடு ஒட்டிவரும் கைவேலை அல்ல, மருத்துவப் பொறுப்பு என்றது கோர்ட். 1999-ல் பமேலா காக்லன் வழக்கில் பெரியவர்களுக்குச் சொன்ன அளவுகோலைக் குழந்தைக்கும் வைத்துப் பார்த்தார்கள். தயவுசெய்து இதைப் பேனலில் எல்லோர் முன்னாலும் எடுத்து வீசாதீர்கள். ஐசிபியின் நர்ஸ் அதிகாரியிடம் முந்தின நாளே தனியாகக் கொடுங்கள். முகம் காப்பாற்றிக்கொள்ள ஒரு ராத்திரி கிடைத்தால் ஆள் வேறு மாதிரிப் பேசுவார்.

கவுன்சில் பக்கத்துக்கும் ஒரு கசப்பு மருந்து இருக்கிறது. குழந்தையைக் கற்பிக்கும், பழக்கும் தெரபி எதுவானாலும் சட்டப்படி அது கல்வி ஏற்பாடு. குழந்தையின் கல்வி, மருத்துவம், பராமரிப்புத் திட்டமான இஎச்சி பிளானில், கல்வி ஏற்பாட்டை எழுதும் எஃப் பகுதியில் ஏறிவிட்டால், என்எச்எஸ் ஸ்பீச் தெரபிஸ்ட் வேலையை விட்டே போனாலும் அதைத் தருவிக்க வேண்டியது கவுன்சில். "அது ஹெல்த் சமாச்சாரம்" என்று உங்கள் ஆட்கள் சொன்னால் மெதுவாகத் திருத்துங்கள். உங்கள் சொந்த வீட்டாரை நீங்கள் திருத்துவதைப் பார்த்த பிறகுதான் எதிர்த்தரப்பு உங்களை நம்பும்.

இதெல்லாம் இருக்கட்டும். பேனலில் பேச்சின் திசை மாற வேண்டுமானால் அங்கே வேறு ஒரு காகிதம் வேண்டும். நான் கற்றுக்கொண்ட உருப்படியான வேலை இது ஒன்றுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஏ3 தாள். குறுக்கே ஏழு நாள், நெடுக்கே 24 மணி. மொத்தம் 168 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்விக்குப் பதில்: இந்த மணியில் இந்தக் குழந்தையின் குழாயை உறிஞ்சத் தெரிந்த, விழித்திருக்கிற ஆள் யார்? பணத்துக்குக் கட்டம் கிடையாது. எந்தத் துறை என்றும் எழுதக் கூடாது, ஆள் யார் என்று மட்டும். அம்மாவோடு உட்கார்ந்து நிரப்புங்கள்.

முதன்முதலில் இதை எனக்குக் காட்டியது ஓர் அம்மாதான். மகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார். "2.10 உறிஞ்சினேன். 2.35 அலாரம். 3.05 உறிஞ்சினேன், சளி கெட்டி. 3.20 தூங்கவில்லை." அப்படியே காலை ஆறு வரை. எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த ராத்திரிக்கு "இரவில் கண்காணிப்புத் தேவை" என்று மூன்று வார்த்தை. பேனலில் அந்த நோட்டைச் சுற்றுக்கு விட்டேன். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றைக்குப் பணம் முடிவாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆகவில்லை. ஆனால் "பராமரிப்பாளர் அங்கேயே தூங்கிக்கொண்டால் போதாதா, செலவு குறையுமே" என்ற கேள்வியை அதற்குப் பிறகு யாரும் எழுப்பவில்லை.

தாளை நிரப்பினால் இன்னொன்றும் தெரியும். ஓட்டைகள் பெரும்பாலும் நாம் சண்டை போடும் இடத்தில் இருக்காது. அந்தச் சிறுமிக்குப் பெரிய ஓட்டை ராத்திரியில் இல்லை. மதியம் மூன்றே காலுக்குப் பள்ளி பஸ்ஸில் இருந்தது. பள்ளியில் நர்ஸ் உண்டு, ஆனால் பஸ்ஸில் ஏற அவருக்கு அனுமதி இல்லை. பஸ் உதவியாளர் நல்ல மனிதர், குழாயைத் தொடப் பயிற்சி இல்லை. வீட்டுக்கு வரும் பராமரிப்பாளருக்குப் பயிற்சி உண்டு, அவர் வேலை ஐந்து மணிக்குத்தான் ஆரம்பம். மூன்று பேருக்கும் மூன்று ஒப்பந்தம், மூன்று மேலாளர். பாதி நாள் பிள்ளை பள்ளிக்கே போகவில்லை. பராமரிப்பாளர் மூன்று மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்து பஸ்ஸில் கூடவே வரட்டும் என்று வேலை நேரத்தை மாற்றினோம். அவசரப் பை அவர் தோளில்: அதே அளவுக் குழாய் ஒன்று, ஓர் அளவு சிறிய குழாய் ஒன்று, கத்தரிக்கோல், கட்டும் பட்டி, கையில் எடுத்துப்போகும் உறிஞ்சி. கூடுதல் செலவு வாரத்துக்குச் சில மணி நேரம்தான். ஒரு வருடமாக இதைப் பார்க்கத் தெரியாமல் மூன்று அலுவலகம் இருந்திருக்கிறது, என்னுடையதும் சேர்த்து.

அப்புறம், பணம் முடிவான அன்று மாலையே பையன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நம்பிவிடாதீர்கள். பணம் கிடைப்பதைவிட ஆள் கிடைப்பது கஷ்டம். இரவு விழித்திருக்கும் பராமரிப்பாளர்களைத் தேடி எடுத்து, இந்தப் பையனிடமே வார்டில் பழக்கி, ஒவ்வொரு திறமைக்கும் நர்ஸ் கையெழுத்துப் போட்டுத் தருவதற்குள் வாரங்கள் ஓடும். சண்டை நடக்கும்போதே ஆள் தேடல் நடக்கட்டும். ஒரே ஏஜென்சி கவுன்சிலுக்கு ஒரு விலையும் ஐசிபிக்கு வேறு விலையும் சொல்வதும் உண்டு. இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி) மாட்ட, கதவை அகலப்படுத்த மானியம் இருக்கிறது. இங்கிலாந்தில் 30,000 பவுண்டு வரை, குழந்தைக்கு என்றால் பெற்றோர் வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள். கவுன்ட்டி, டிஸ்ட்ரிக்ட் என்று இரண்டு அடுக்கு உள்ள ஊர் என்றால் அது டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடம் இருக்கும், அவர்களை உங்கள் பேனலுக்கு யாரும் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். மின்சாரக் கம்பெனியின் முன்னுரிமைப் பட்டியலில் வென்டிலேட்டர் இருக்கும் வீடு என்று பதிந்தாயிற்றா என்றும் பாருங்கள்.

கூட்டு நிதி பற்றி ஒரு வார்த்தை. 2006-ம் வருட என்எச்எஸ் சட்டத்தின் 75-ம் பிரிவில் இரு தரப்பும் ஒரே பானையில் பணம் போடலாம். முதல் வருடமே எல்லாச் செலவையும் அதில் கொட்டச் சொல்லிக் கேட்டால் இரண்டு நிதி இயக்குநரும் ஓடிவிடுவார்கள். வீட்டு உபகரணம், குறுகிய கால ஓய்வுப் பராமரிப்பு என்று சின்னதாக ஆரம்பியுங்கள். ஐசிபியில் உங்களுக்கு நல்ல நண்பர் இருக்கிறார் என்றால் சந்தோஷம். 2025-ல் ஐசிபிகளின் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். அந்த நாற்காலியில் இன்றைக்கு இருக்கிறவர் நாளைக்கும் இருப்பார் என்று நம்பி எதையும் வாய்ப்பேச்சாக விட்டுவைக்காதீர்கள்.

பட்டியலில் மற்ற குழந்தைகளும் இருப்பார்களே. 14 வயதில் பெரியவர் பிரிவுக்குச் செய்தி, 16-ல் முறையான பரிந்துரை, 17-ல் தகுதி பற்றிக் கொள்கை அளவில் முடிவு. இந்த மூன்று பிறந்தநாளையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 18 ஆகிற வாரத்தில் ஓடுவது யாருக்கும் நல்லதில்லை.

சரி, அந்த அம்மா. முதலில், அவரை உங்களுக்குத் தெரியும் என்பதை உங்கள் இரண்டு மேலதிகாரிகளுக்கும் இன்றே மெயிலில் எழுதிவிடுங்கள். பேனலில் அந்தக் குடும்பத்துக்கு மொழிபெயர்க்க நீங்கள் போகவே கூடாது. முறையான மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். வாசலில் கேஸ் பற்றிப் பேசாதீர்கள். ஆனால் எந்தப் பெற்றோருக்கும் சொல்லக்கூடிய பொது விஷயத்தை அவருக்கும் சொல்லலாம்: ஒவ்வொரு பகுதியிலும் சென்டயாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. கன்டினியுயிங் கேர் கிடைத்த குழந்தைக்குப் பர்சனல் ஹெல்த் பட்ஜெட் கேட்க 2014-லிருந்து உரிமை உண்டு. அதில் பெற்றோர் தாமே பராமரிப்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அவர் "என்னாச்சு தங்கச்சி?" என்றால், "அக்கா, இங்கே நான் பேசக் கூடாது; திங்கட்கிழமை மதியத்துக்குள் உங்கள் சோஷியல் வொர்க்கர் போன் பண்ணுவார்" என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு அந்த போன் போயிற்றா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.