பழைய கல் கிரைண்டரைப் புனேவுக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி: எங்கள் இரண்டு லிட்டர் கல் கிரைண்டரைப் புனேயில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும். எடை சுமார் 30 கிலோ. வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி இப்போது இல்லை. பார்சல் ஆபீஸில் "நீங்களே பேக் பண்ணிக் கொண்டு வாங்க" என்கிறார்கள். என்ன செய்வது? – ஒரு வாசகி, மதுரை

பதில்: பெட்டி தேடுவதற்கு முன்னால் குழவியைக் கழற்றுங்கள் அம்மா. வழியில் கிரைண்டர் கெட்டுப்போவது வெளியே படும் அடியால் மட்டுமல்ல. உள்ளே ஆடும் கல்லாலும்தான். மதுரையிலிருந்து புனே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். லாரி குதிக்கும் ஒவ்வொரு முறையும் குழவி டிரம்மை இடிக்கும். அதனால் குழவிக்குத் தனிப் பெட்டி. டிரம் கழன்று வரும் மாடலானால் அதையும் தனியாகக் கட்டுங்கள். கழலாவிட்டால், பழைய போர்வையை உள்ளே இறுக்கித் திணித்து, டிரம் அசையாதபடி நைலான் கயிற்றால் பாடியோடு சேர்த்துக் கட்டுங்கள். கழுவிய கல்லை இரண்டு நாள் நன்றாகக் காயவிட்ட பிறகே மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும், இரும்புப் பாகங்களில் துரு ஏறும்.

தெர்மாகோலை நம்பாதீர்கள். டிவிக்கு அது சரி. 30 கிலோ ஒருமுறை அழுத்தினாலே நசுங்கி, நசுங்கிய அளவுக்கு இடைவெளி விடும். அந்த இடைவெளியில்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். பபிள் ராப் பெயின்ட்டில் கீறல் விழாமல் காக்கும், எடையைத் தாங்காது. அடியில் ரப்பர் மேட் போடுங்கள். பக்கங்களில் மடித்த அட்டையைக் கையால் அழுத்தினாலும் அசையாத அளவுக்குச் செருகுங்கள்.

வெறும் அட்டைப்பெட்டி இந்த எடைக்குப் போதாது. பக்கத்துத் தச்சரிடம் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு அடிப்பலகையும் அதைச் சுற்றி மரச்சட்டமும் கேளுங்கள். பலகைக்குக் கீழே இரண்டு ரீப்பர் கட்டைகள் அவசியம். தூக்க விரல் நுழையும், டிராலியின் நாக்கும் நுழையும். பிடிக்க வழியில்லாத பெட்டியைத்தான் உருட்டுவார்கள், கீழே போடுவார்கள். ஆணி வேண்டாம், அதிர்வில் கழன்று வரும். ஸ்குரூ போடச் சொல்லுங்கள்.

'உடையும் பொருள்' ஸ்டிக்கரை எல்லாரும் எல்லாவற்றிலும் ஒட்டுவதால் அதை யாரும் மதிப்பதில்லை. '30 கிலோ, இரண்டு பேர் தூக்கவும்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதுங்கள். தன் முதுகைப் பற்றிய தகவலை யாரும் படிக்காமல் விடமாட்டார்கள். முகவரியை இரண்டு பக்கம் எழுதி, ஒரு தாளை உள்ளேயும் போடுங்கள்.

இனி பணம். கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். பெட்டி 70 × 60 × 50 என்றால் 42 கிலோ வருகிறது; இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆகவே சட்டம் கிரைண்டரை ஒட்டியே இருக்கட்டும். அவசரமில்லை என்றால் லாரி பார்சல் சர்வீஸே மலிவு. வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களா, மகள்தான் கோடவுனுக்குப் போக வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

பில்லில் 'பயன்படுத்திய வீட்டு உபயோகப் பொருள்' என்றே எழுதச் சொல்லுங்கள். அதற்கு இ-வே பில் (சரக்கு அனுப்ப ஜிஎஸ்டி இணையதளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) தேவையில்லை. பொருள் சேதமானால், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, அதிக மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாதவர்களுக்கு லாரி நிறுவனத்தின் பொறுப்பு பொதுவாகக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நிற்கும். 600 ரூபாய் கட்டினால் அதிகபட்சம் 6,000. வழக்குக்குப் போவதானால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பேக் செய்யும் முன் கிரைண்டர் ஓடுவதை வீடியோ எடுத்து வையுங்கள்.

மகளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால், டெலிவரி தாளில் அதை எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பிளக் மாட்டும் முன் குழவியைப் பொருத்தி, டிரம்மைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். உரசல் சத்தம் கேட்டால் சுவிட்ச் போடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடட்டும்.