2 எம்பி லீஸ்டு லைனுக்கு சிஸ்கோ 2811 ரூட்டரில் எந்த கார்டு?

நொடிக்கு 2 மெகாபிட் ஓடும் தனி வாடகை லைனுக்கு டபிள்யூஐசி-1டி (சீரியல் போர்ட் கார்டு) வாங்குவதா, விடபிள்யூஐசி2 (டி1/ஈ1 கார்டு) வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் லைன் கொடுப்பவரின் மோடம் கடைசியில் எந்த போர்ட்டைத் தருகிறது என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வி.35 என்ற சீரியல் போர்ட் என்றால் டபிள்யூஐசி-1டி போதும், கூடவே டிடிஇ கேபிளும் (கிளாக்கை வாங்கிக்கொள்ளும் முனைக்கான கேபிள்) வேண்டும். கிளாக், அதாவது பிட்டுகளின் வேகத்தைக் கட்டும் சிக்னல், மோடத்திலிருந்தே வந்துவிடும், ரூட்டரில் கிளாக் ரேட் போடவே கூடாது. ஜி.703 போர்ட் என்று நேராக ஈ1-ஐ (2.048 எம்பி டிஜிட்டல் லைன்) நீட்டினால்தான் விடபிள்யூஐசி2. மலிவாகக் கிடைக்கிறதே என்று டபிள்யூஐசி-1டிஎஸ்யூ-டி1 வாங்கிவிடாதீர்கள், அது அமெரிக்காவின் 1.544 எம்பி டி1-க்கானது, நம் ஊர் 2.048 எம்பி லைனில் வேலைக்கே ஆகாது.

விடபிள்யூஐசி2-ல் முதலில் 'கார்ட் டைப் ஈ1' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈ1 போர்ட்டுக்கான கன்ட்ரோலரே கண்ணில் படாது. பிறகு கன்ட்ரோலரில் லைன்கோட் (சிக்னல் முறை) எச்டிபி3, கிளாக் சோர்ஸ் லைன் (கிளாக்கை லைனிலிருந்தே எடு), சேனல்-குரூப் 0-வில் டைம்ஸ்லாட் (ஈ1-க்குள் இருக்கும் சேனல்கள்) 1-31 என்று போடுங்கள். ஃப்ரேமிங் (பிட்டுகளை ஃப்ரேம்களாக அடுக்கும் முறை) பிழை சரிபார்க்கும் சிஆர்சி4-ஆ இல்லையா என்பதை லைன் கொடுப்பவரிடமே கேளுங்கள், இரண்டு முனையும் ஒத்துப்போகாவிட்டால் நாள் முழுக்க மண்டை காயும். 'ஷோ கன்ட்ரோலர்ஸ் ஈ1' கட்டளை காட்டும் ஸ்லிப் (கிளாக் ஒத்துப்போகாமல் ஃப்ரேம் தவறுவது) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கிளாக்கைச் சந்தேகப்படுங்கள். எதிர்முனையில் வேறு கம்பெனி ரூட்டர் இருந்தால் லைனில் டேட்டாவைப் பொதியும் முறையில் சிஸ்கோவின் சொந்த எச்டிஎல்சி சரிப்படாது, பொது முறையான பிபிபி போடுங்கள்.